கோடி முட்டை கணக்கும் கேடிக் கணக்கும்

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் சூடான பதிவும் கூட. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா செந்துறை. ஞாயித்துக்கிழமை மதியம், சூரை மீன் குழம்பு. "மீனு வெலையெல்லாம் ஏறிப்போச்சு, கடல்லயே மீன் கொறஞ்சு போச்சாம்"னு சித்தி ஆரம்பிச்சாங்க. சித்தப்பா தட்டுல இருந்து தலையை நிமிர்த்தாமலே தீர்ப்பு சொல்லிட்டார்.

"அதெல்லாம் சும்மா கத. ஒரு சூரை ஒரு ராத்திரில பத்து லச்சம், இருவது லச்சம்னு முட்டை போடுதாம்ல. நாலு மீனு போட்டா நாட்டுக்கே போதும். எப்படிடா தீரும்? நீதான் இஞ்சினியராச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு."

குழம்பு நல்லா இருந்ததால அப்ப வாயைத் திறக்கல. ஆனா அந்தக் கேள்வி மனசுல முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு. ஏன்னா சித்தப்பா சொன்ன எண் சரி. மஞ்சள்துடுப்புச் சூரை, அதாங்க நம்ம கன்னியாகுமரிப் பக்கம் கேரைன்னு சொல்றது, ஒரு தடவைக்கு லட்சக்கணக்குல முட்டை விடும். பருவத்துல கிட்டத்தட்ட தினமும் விடும். எண் சரி, முடிவு தப்பு. இந்த மாதிரித் தப்புதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா கேக்குறவன் எண்ணை சரிபார்த்துட்டு முடிவையும் சேர்த்து நம்பிடுவான்.

அப்புறம்தான் கவனிச்சேன். சித்தப்பா மட்டும் இல்ல. மீன்வளம் பத்தி யார் பேசினாலும் கடைசில மூணு வசனத்துல ஒண்ணுல வந்து நிக்கறாங்க.

1. "கடல் அட்சயபாத்திரம். கோடி முட்டை போடுற மீன் தீராது."

2. "மீன் குறைஞ்சதுக்குக் காரணம் கடல் சூடு, எல் நினோ. நம்ம கையில எதுவும் இல்ல."

3. "அதான் வருஷா வருஷம் 61 நாள் தடை போடறோமே. முட்டையெல்லாம் பத்திரம்."

மூணும் வேற வேற மாதிரி தெரியும். மூணுலயும் ஒரே ஓட்டை. முட்டைக்கும் மீனுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு வாரத்தை மூணு பேருமே பார்க்கல. இல்ல, பார்க்காத மாதிரி நடிக்கிறாங்க. இந்தப் பதிவு அந்த ரெண்டு வாரத்தைப் பத்தினது.

* * *

அந்த ரெண்டு வாரத்துல என்ன நடக்குது?

சூரை முட்டை சுமார் 1 மில்லிமீட்டர். கண்ணாடி மணி மாதிரி இருக்கும். தாய் மீன் கூடு கட்டாது, காவல் காக்காது. ராத்திரில கடல் மேல்பரப்புல விட்டுட்டுப் போயிடும். தண்ணி 26, 28 டிகிரி இருந்தா ஒரே நாள்ல பொரிஞ்சிடும்.

வெளிய வர்ற குஞ்சு 3 மில்லிமீட்டர் கூட இருக்காது. வாய் திறந்திருக்காது, கண்ணு சரியா உருவாகியிருக்காது. வயித்துல ஒட்டிட்டு இருக்கிற மஞ்சள்கருதான் கட்டுச்சோறு. அது ரெண்டு மூணு நாளைக்கு வரும். அது தீர்றதுக்குள்ள வாய் திறந்து, கண்ணு தெரிஞ்சு, முதல் இரையைப் பிடிச்சுச் சாப்பிட்டாகணும். பிடிக்கலைன்னா ஆட்டம் க்ளோஸ்.

இந்தக் கட்டத்துல அதுக்கு வேணுங்கிறது கோபிபாட்னு சொல்ற பொடி மிதவை உயிரிகளோட குட்டிகள் மாதிரியான இரை. அது கிடைக்குமா கிடைக்காதாங்கிறதை முடிவு பண்றது தாய் மீன் இல்ல, மீனவர் இல்ல, கடல். எப்படின்னு பாருங்க.

வெப்பம்: பனாமா நாட்டுல அச்சோட்டினஸ்ங்கிற இடத்துல ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. 1996ல இருந்து மஞ்சள்துடுப்புச் சூரையைத் தொட்டியில வளர்த்து முட்டை விட வைக்கிறாங்க. தண்ணி சுமார் 21 டிகிரிக்குக் கீழ போனாலும் 33 டிகிரிக்கு மேல போனாலும் குஞ்சு தேறுறது கஷ்டம்னு அங்க பார்த்திருக்காங்க. நம்ம பக்கத்துக் கடல் ஏற்கெனவே வெதுவெதுப்பு. மேல ஏற இடம் கொஞ்சம்தான் பாக்கி.

காத்து: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கடல் அசையாம கிடந்தா இரை குஞ்சு பக்கத்துல வராது, குஞ்சும் தூரம் நீந்திப் போய்த் தேடாது. பட்டினி. காத்து பலமா அடிச்சுக் கலக்கினா இரை பக்கத்துல வரும், ஆனா கவ்வுறதுக்குள்ள நழுவிப் போயிடும். அதுவும் பட்டினி. நடுத்தரமா அலம்பினாத்தான் அதிகம் பிழைக்குதுன்னு அதே ஆய்வுக்கூடத்துத் தொட்டிகள்ல தெரிஞ்சுது. நெத்திலி, மத்தி மாதிரி மீன்களுக்கும் இதே கதைதான்னு 1989லயே க்யூரி, ராய்னு ரெண்டு பேர் எழுதிட்டாங்க. அவங்க கணக்குல நொடிக்கு 5, 6 மீட்டர் காத்துதான் நல்ல காத்து.

அடுக்கு: 1970கள்ல ரூபன் லாஸ்கர்னு ஒருத்தர் கலிபோர்னியா கடல்ல நெத்திலிக் குஞ்சுகளை ஆராய்ஞ்சார். கடல் அமைதியா இருந்தப்ப இரை ஒரு ஆழத்துல அடர்த்தியா, சந்தைல கடை போட்ட மாதிரி அடுக்கா நின்னுச்சு. குஞ்சுகள் அங்க போய்ச் சாப்பிட்டுச்சு. ஒரு புயல் வந்து அந்த அடுக்கைக் கலைச்சுது. கடல்ல மொத்த இரை அவ்வளவா மாறல. ஆனா பரவிப் போச்சு. ஊர்ல மொத்தம் நூறு இட்லி இருந்தாலும் தெருவுக்கு ஒண்ணா வெச்சா கைக்குழந்தை எப்படிச் சாப்பிடும்? அதான்.

அமிலம்: நாம விடுற கரியமில வாயுவுல ஒரு பங்கைக் கடல் குடிச்சிடுது. அதனால தண்ணியோட காரத்தன்மை குறையுது. 2011ல அச்சோட்டினஸ்ல கரியமில வாயு அளவைக் கூட்டிப் பார்த்தாங்க. அதிக அளவுல போனப்ப குஞ்சுகளோட வளர்ச்சியும் பிழைப்பும் குறைஞ்சது, உள்ளுறுப்புகள்லயும் சேதம் தெரிஞ்சது.

இன்னொரு வேடிக்கை. சூரை முட்டையிடத் தேடிப் போற இடம் பெரும்பாலும் சத்துக் குறைஞ்ச, தெளிஞ்ச, சூடான தண்ணி. ஏன் இப்படிப் போய் பாலைவனத்துல பிள்ளை பெத்துக்குது? சாப்பாடு நிறைய இருக்கிற இடத்துல குஞ்சைச் சாப்பிடற வாயும் நிறைய இருக்கும். அதனால சோறு கம்மியா இருந்தாலும் பரவால்ல, திருடன் கம்மியா இருக்கணும்னு ஒரு கணக்கு. லட்சக்கணக்கான வருஷமா ஓடுற கணக்கு. ஆனா அந்தக் கணக்குல "சோறு" பக்கம் ஏற்கெனவே விளிம்புல இருக்கு. அதுல இன்னும் கொஞ்சம் குறைஞ்சா?

புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துல ராக்ஸி மாத்யூ கோல் குழு 2016ல வெளியிட்ட ஆய்வுல, மேற்கு இந்தியப் பெருங்கடல்ல தாவர மிதவை உயிரிகள் 60 வருஷத்துல 20 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. மேல சூடான தண்ணி மூடி போட்ட மாதிரி நிக்குது, கீழ இருக்கிற சத்து மேல வரல. சங்கிலியோட முதல் கண்ணி அது. கோபிபாட் அதைத் தின்னுது, சூரைக் குஞ்சு கோபிபாட்டைத் தின்னுது.

* * *

சரி, சித்தப்பாவுக்குக் கணக்கு

ஒரு ராத்திரி 10 லட்சம் குஞ்சு பொரிஞ்சதுன்னு வெச்சுக்குவோம். இது உதாரணக் கணக்குதான், வாய்ப்பாடு தெரிஞ்சாலே போதும்.

கடல் சுமாரா இருக்கு. ஒவ்வொரு நாளும் பாதி சாகுது. 14 நாள் கழிச்சு மிச்சம் எவ்வளவு? பத்து லட்சத்தைப் பதினாலு தடவை ரெண்டால வகுங்க. 61 குஞ்சு.

கடல் கொஞ்சம் நல்லா இருக்கு. தினமும் 50 சதவீதத்துக்குப் பதிலா 40 சதவீதம் சாகுது. 14 நாள் கழிச்சு 784 குஞ்சு.

பார்த்தீங்களா? ஒரு நாளைக்குப் பத்து சதவீதம்தான் வித்தியாசம். ரெண்டு வாரத்துல 13 மடங்கு. முட்டை எண்ணிக்கை ரெண்டு தடவையும் அதே பத்து லட்சம்தான். அப்ப முட்டை எண்ணிக்கையை வெச்சு என்ன சொல்ல முடியும்? ஒண்ணும் சொல்ல முடியாது சித்தப்பா. பத்து லட்சம் முட்டை போடுதுன்னா அது செழிப்புக்கு அடையாளம் இல்ல. பத்து லட்சம் போட்டாத்தான் ஒண்ணு ரெண்டாவது தேறும்னு அந்த மீனுக்கே தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். யானை ஒரு குட்டி போடுது. எந்தக் குட்டிக்கு ஆபத்து அதிகம்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறம் முட்டை பத்திப் பேச செந்துறைக்காரனுக்கு ஒரு தனித் தகுதி இருக்கு :-) 2009ல எங்க ஊர்ப் பேர் நாடு முழுக்கச் செய்தில வந்துச்சு. டைனோசர் முட்டைகள் குவியல் குவியலா கிடைச்சிருக்குன்னு சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க. குவியல் குவியலா முட்டை. ஒரு டைனோசரைக் காட்டுங்க பார்ப்போம்? முட்டை இருந்தா வம்சம் இருக்கும்னு எவன் சொன்னது.

வசனம் 1 முடிஞ்சது.

* * *

"கடல் சூடுதான் காரணம், நாங்க என்ன பண்றது?"

இது படிச்சவங்க வசனம். சித்தப்பாவை மன்னிச்சிடலாம், இவங்களை முடியாது. ஏன்னா மேல நான் எழுதின அத்தனையையும் இவங்க ஒத்துக்குவாங்க. "ஆமா சார், எல்லாம் கடல் தீர்மானிக்குது, அதனால நாங்க எவ்வளவு பிடிச்சா என்ன"ம்பாங்க. இதுக்குப் பேர்தான் கேடிக் கணக்கு.

மத்தியை எடுத்துக்குவோம். சாளைன்னும் சொல்வோம். சூரை அளவுக்குப் பெரிய ஆள் இல்ல, ஆனா நம்ம தென்னிந்தியக் கடல்ல வருஷா வருஷம் எண்ணி எழுதி வெச்ச கணக்கு இருக்கிற மீன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்குப்படி 2012ல கேரளாவுல மட்டும் 3.9 லட்சம் டன் மத்தி. 2021ல 3,297 டன். திரும்பப் படிங்க. லட்சம் இல்ல, மூவாயிரத்துச் சொச்சம். நூத்துல ஒரு பங்குக்கும் கீழ.

"2015 எல் நினோ"ன்னு உடனே கை காட்டுவாங்க. உண்மைதான், அந்த வருஷம் கடல் கெட்டுச்சு. ஆனா அதே நிறுவனத்து ஆய்வாளர்கள் 2018ல எழுதின கட்டுரையோட தலைப்புலயே அளவுக்கு மீறின மீன்பிடிப்பு, பருவநிலை ரெண்டும் சேர்ந்தே இருக்கு. கடல் நல்லா இருந்த வருஷங்கள்ல குஞ்சும் குளுவானுமா வாரி எடுத்தாங்க. தீவன ஆலைக்குப் போச்சு. அப்புறம் கெட்ட வருஷம் வந்தப்ப முட்டை போடத் தாய் மீன் போதல. கடல் ஒரு அடி அடிச்சுது, நாம ஏற்கெனவே கால் ரெண்டையும் உடைச்சு வெச்சிருந்தோம்.

அப்புறம் கடல் திரும்ப நல்லா ஆச்சு. 2024ல கேரளாவுல 1.49 லட்சம் டன். அந்த வருஷப் பருவமழை சாதகமா இருந்து குஞ்சுகள் ஏராளமா தேறினதாவும் அதே நிறுவனம் சொல்லுச்சு. சந்தோஷம். ஆனா குட்டி மத்தி கூட்டம் கூட்டமா கரைக்கு வந்தவுடனே மறுபடியும் கைய வெக்கத் தோணுதா இல்லையா? கேரளாவுல 10 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கிற மத்தியைப் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டம் எதுக்குன்னா, நல்ல வருஷத்துல தேறின குஞ்சுதான் அடுத்த கெட்ட வருஷத்துக்கான சேமிப்பு. போனஸ் வந்த அன்னைக்கே மொத்தத்தையும் செலவு பண்றவன் அப்ரைசல் ஊத்திக்கிட்ட வருஷம் என்ன ஆவான்னு நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?

ஆக, கடல் தீர்மானிக்குதுங்கறது உண்மை. அதுலருந்து வர்ற முடிவு "எவ்வளவு வேணா பிடி" இல்ல. நேர் எதிர். எந்த வருஷம் கடல் கைவிடும்னு தெரியாததாலதான் தாய் மீனைக் கூடுதலா விட்டு வைக்கணும்.

நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நம்ம பெருங்கடல்லயே ஒரு உதாரணம். தெற்கு நீலத்துடுப்புச் சூரைன்னு ஒரு மீன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கான்னு உலகத்தோட தெற்குப் பாதி முழுக்கச் சுத்தும். ஆனா மொத்த இனமும் முட்டையிட வர்றது ஒரே இடத்துக்கு. ஜாவா தீவுக்கும் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல இருக்கிற இந்தியப் பெருங்கடல். ஒரே பிரசவ ஆஸ்பத்திரி. மனுஷன் பிடிச்ச பிடியில 2011 வாக்குல முட்டையிடும் மீன்கள் ஆதி நிலையில சுமார் 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு. 2009ல கோட்டாவை வெட்டினாங்க. 2011ல "கணக்கு இப்படி வந்தா இவ்வளவுதான் பிடிக்கலாம்"னு முன்கூட்டியே எழுதின சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டாங்க. 2020 மதிப்பீட்டுல சுமார் 20 சதவீதம். கடல் அதே கடல்தான். அந்தப் பத்து வருஷத்துலயும் எல் நினோ வந்துச்சு, போச்சு. மாறினது பிடிக்கிற அளவு.

வசனம் 2ம் முடிஞ்சது.

* * *

"61 நாள் தடை இருக்கே?"

தடை நல்ல விஷயம். 2001ல 45 நாளா ஆரம்பிச்சு இப்ப 61 நாள். கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை, மேற்குல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை. அதைக் குறை சொல்றவன் நான் இல்ல. அந்த ரெண்டு மாசம் விசைப்படகைக் கட்டிப் போட்டுட்டு அரை வயித்துக் கஞ்சியோட உக்காந்திருக்கிற மீனவர் குடும்பத்தோட தியாகம் அது.

ஆனா அந்தத் தேதிகள் கரையோர மீன்களை மனசுல வெச்சுப் போட்டது. சூரைக்கு அந்தக் காலண்டர் தெரியாது. இந்தியப் பெருங்கடல்ல மஞ்சள்துடுப்புச் சூரை முட்டையிடற முக்கியக் காலம் டிசம்பர்ல இருந்து மார்ச். முக்கிய இடம் பூமத்திய ரேகையை ஒட்டின மேற்குப் பகுதி. அதுக்கு அடுத்த நிலையில இலங்கையை ஒட்டின கடலும் ஒண்ணு. நம்ம தடை ஆரம்பிக்கிறதுக்குள்ள அங்க பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு.

பெரிய மீன் நீந்தித் தப்பிச்சுக்கும். 1997-98ல எல் நினோவும் இந்தியப் பெருங்கடல் டைபோலும் சேர்ந்து அடிச்சப்ப மேற்குப் பக்கம் மீன் சிக்கல. சீஷெல்ஸ் பக்கம் சுத்திட்டு இருந்த ராட்சச சுருக்குவலைக் கப்பல்கள் கிழக்கு நோக்கிக் கிளம்பிப் போச்சு. மீனுக்கும் துடுப்பு இருக்கு, கப்பலுக்கும் இன்ஜின் இருக்கு. 3 மில்லிமீட்டர் குஞ்சுக்கு என்ன இருக்கு? பொறந்த இடத்துல பொழைக்கணும், இல்ல சாகணும்.

அந்தக் கப்பல்கள் என்ன பண்ணுதுன்னும் சொல்லிடறேன். கடல்ல மிதவைகளை விடறாங்க, அதுல கருவி வெச்சிருக்காங்க. மிதவைக்குக் கீழ நிழலுக்கு ஒதுங்குற கூட்டத்துல வரிச்சூரையோட சேர்ந்து முட்டையே போடாத சின்ன மஞ்சள்துடுப்பும் ஏகப்பட்டது மாட்டும். 2023 பிப்ரவரியில மொம்பாசாவுல கூடின இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், வருஷத்துல 72 நாள் மிதவைக்குத் தடைன்னு முடிவெடுத்துச்சு. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல உறுப்பினர்கள் ஆட்சேபணை போட்டாங்க. பிசுபிசுத்துப் போச்சு. நம்ம ஊர் ஆளுக்கு 61 நாள், அவங்களுக்கு 72 நாள் கசக்குது. இதுல உள்குத்து எதுவும் இல்லைங்க, நேர்குத்துதான்.

"2024 மதிப்பீட்டுல மஞ்சள்துடுப்பு ஆபத்துல இல்லைன்னு வந்துடுச்சே"ன்னு ஒருத்தர் பின்னூட்டம் போடுவார், தெரியும். வந்துச்சு. 2015ல சிவப்புல இருந்தது 2024ல பச்சைக்கு வந்துச்சு. நல்ல சேதி. பச்சை விளக்கு எரியுதுன்னா ஆக்சிலேட்டரை மிதிக்கணும்னு இல்ல. மத்திக்கு 2012ல எரிஞ்சதும் பளிச்சுப் பச்சைதான்.

* * *

இதுல நம்ம வீட்டுக் கதை

இப்ப நான் சூடாகிற இடத்துக்கு வர்றேன்.

சூரைக் குஞ்சு பத்தின ஆராய்ச்சி பனாமாவுல, கலிபோர்னியாவுலதான் நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971ல கொச்சிக்கு மாறுற வரைக்கும் தலைமையகம் நம்ம மண்டபம் முகாம். அங்க இயக்குநரா இருந்த எஸ். ஜோன்ஸ் 1950கள்லயே லட்சத்தீவுக் கடல்ல சூரைக் குஞ்சுகளைச் சேகரிச்சு, எது எந்த இனம்னு படம் வரைஞ்சு விளக்கினவர். 1928-30ல டானான்னு ஒரு டென்மார்க் கப்பல் உலகம் சுத்தி வலை போட்டுச் சேகரிச்சதுல, இந்தியப் பெருங்கடல் சூரைக் குஞ்சுகளைப் பிரிச்சு எங்க எது இருந்துச்சுன்னு எழுதினதும் அவரும் குமரன்னு சக ஆய்வாளரும்தான். (அந்தக் கப்பல் பயணத்துக்குக் காசு கொடுத்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட அறக்கட்டளை. குடிமகன்கள் நெஞ்சை நிமிர்த்திக்கலாம்.) 1962 ஜனவரியில சூரை, சீலா வகை மீன்களுக்காகவே ஒரு பெரிய கருத்தரங்கம் நடந்துச்சு. எங்க? மண்டபம் முகாம்ல.

இப்ப அதே ராமநாதபுரம் மாவட்டம், பாம்பனைத் தாண்டினா ராமேஸ்வரம். 2017 ஜூலையில அங்க ஒரு திட்டம் தொடங்கி வெச்சாங்க. பாக் நீரிணையில இழுவை மடி ஓட்டுற 2,000 படகுகளை ஆழ்கடல் சூரைப் படகா மாத்துறது. ஒரு படகு 80 லட்சம். அதுல 70 சதவீதம் மத்திய, மாநில அரசு மானியம், 10 சதவீதம் மீனவர் கைக்காசு, 20 சதவீதம் கடன். நோக்கம் நல்ல நோக்கம். பாக் நீரிணையில அடிமண்ணைச் சுரண்டுறது நிக்கும், எல்லைத் தகராறுல நம்மாளு சிறைக்குப் போறது குறையும். மறுக்கல.

ஆனா 80 லட்சம் போட்டு நீளத் தூண்டில் கயிறும் செவுள் வலையும் கொடுத்து அனுப்புறீங்களே, அந்தத் தூண்டில்ல மாட்டப் போறது எது? பெரிய மீன். முட்டை போடற தாய். ஒரு பக்கம் வெளிநாட்டுக் கப்பல் மிதவைக்கு அடியில குட்டியை அள்ளுது, இன்னொரு பக்கம் நாம தாயை எடுக்கப் போறோம். நடுவுல கடல் ரெண்டு வருஷம் தொடர்ந்து கெட்டா? மீன் வராது. கடன் தவணை மட்டும் வரும். கடன் தவணைக்கு எல் நினோ, டைபோல் எதுவும் தெரியாது. அது மாசா மாசம் தேதி தவறாம வரும்.

ஹைதராபாத்துல இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள்ல கடல் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து, "இந்த இடத்துக்குப் போ, மீன் சேர்ந்திருக்கும்"னு மீனவர்களுக்கு அறிவிப்பு கொடுக்குது. சூரைக்குன்னு தனி அறிவிப்பே உண்டு. டீசல் மிச்சம், நேரம் மிச்சம், அருமையான வேலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அதே சூடு, அதே பச்சையம், அதே காத்து, அதே சுழல். குஞ்சு பிழைக்குமா சாகுமான்னு தீர்மானிக்கிற அத்தனை தகவலும் அதே கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கு. அதை வெச்சு மீனவர் கைக்கு நாம அனுப்புற சேதி மட்டும் "எங்க பிடிக்கலாம்". "இந்த வருஷம் குஞ்சு தேறல, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மீன் குறையும், கடன் வாங்காதே"ன்னு சேதி எங்க?

இதை ஆபீஸ்ல சொன்னா ஒரு வரில புரியும். வெளிய போற டேட்டாவை மட்டும் எண்ணிட்டு உள்ள வர்ற டேட்டாவை யாரும் பார்க்காத சிஸ்டம். ஒரு நாள் நள்ளிரவுல படுக்கும். எல்லாரும் சர்வர் மேல பழி போடுவாங்க.

* * *

அதனால என்னதான் சொல்ல வர்ற?

ஒண்ணு. படகு எண்ணிக்கையை நல்ல வருஷத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கெட்ட வருஷத்துல எத்தனை படகு பிழைக்கும்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

ரெண்டு. சூரைப் படகுக் கடனைக் கடலோட கட்டுங்க. மழை பொய்ச்சா விவசாயிக்குத் தவணை தள்ளிப் போடறோம்ல? எங்க அரியலூர்க்காரங்களுக்கு அது நல்லாவே தெரியும். குஞ்சு பொய்ச்ச வருஷத்துக்கு மீனவருக்கும் அது வேணும்.

மூணு. முட்டை, குஞ்சு கணக்கெடுப்பு அப்பப்ப ஒரு ஆய்வுத் திட்டமா வந்து போகாம, வருஷா வருஷம், அதே இடத்துல, அதே மாசத்துல நடக்கணும். கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி பொதுவுல போடணும். அடுத்த தடவை சூரை ஆணையத்துல உக்காரும்போது கைல அந்தக் கணக்கு இருந்தா, மிதவைக்காரங்க முகத்துக்கு நேரா வெச்சுப் பேசலாம்.

நாலு. இது நமக்கு. விரல் நீள மத்தி, முட்டை போடாத குட்டிச் சூரை வாங்காதீங்க. "சின்னதா இருக்கே"ன்னு கடைல கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது நாள் ஏலத்துல விலை இறங்கும்.

* * *

கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு எதுக்குடா இந்த வேலைன்னு கேப்பீங்க. எங்க ஊர்ல கடல் இருந்துச்சுங்க. அரியலூர் சுண்ணாம்புப் பாறை மொத்தமும் கடலடி மண். வாரணவாசி அருங்காட்சியகத்துல போய்ப் பாருங்க, சிப்பியும் நத்தையும் கல்லா இருக்கு. சின்ன வயசுல காட்டுல பொறுக்கி பாக்கெட்ல போட்டுட்டுத் திரிவோம். செந்துறைக்குப் பக்கத்துல நின்னியூர்ப் பாறைகள்ல, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால டைனோசர் முடிஞ்ச காலத்தை ஒட்டின அடுக்கு எல்லாம் இருக்கு. அந்தக் கடலையும் அதுல இருந்ததையும் முடிச்சு வெச்சது மனுஷன் இல்ல. அப்ப மனுஷனே இல்ல. அதுக்கு யார் மேலயும் பழி சொல்ல முடியாது.

இப்ப இருக்கிற கடலுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப இந்தக் கணக்கைத் துண்டுக் காயிதத்துல எழுதி எடுத்துட்டுப் போறேன். 61, 784. சித்தப்பா என்ன சொல்றார்னு தனிப் பதிவாப் போடறேன்.

டிஸ்கி 1: சூரை சாப்பிடறதை விடச் சொல்லல. அன்னைக்கு நான் மூணு துண்டு சாப்பிட்டேன். சித்தி கைப்பக்குவம் அப்படி.

டிஸ்கி 2: கும்ம வர்றவங்க வாங்க. ஆனா வசனம் 1, 2, 3ஐயே திரும்ப எழுதாம, நாலாவதா ஏதாவது புதுசா கொண்டு வாங்க. ஆணி கொஞ்சம் அதிகம், பதில் ராத்திரிதான் வரும்.